ஹட்டன் பஸ்ஸா, தொங்கல் காம்பராவா?

தேயிலைத் தோட்டத்திலேயே குடியேறும் யோசனை முதன்முதலில் எனக்கு வந்தபோது நான் பள்ளிக்கூட பெஞ்சில் இருந்து எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பல்கூட விளக்காமல் வெளியே நின்றிருந்தேன். முந்தின நாள் மாலை மஸ்கெலியா ரோட்டில் மண் சரிந்துவிட்டது. ஹட்டன் பஸ் வரவில்லை. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஆபீசிலிருந்து சாவி வாங்கித் தந்த கங்காணி ஒருவர் கொடுத்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்திலேயே படுத்தேன். விடிவதற்கு முன்னால் தப்படிக்கிற சத்தம் எழுப்பிவிட்டது. பஸ்ஸில் வந்து போகிறவன் கேட்டிராத சத்தம் அது. என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று சத்தம் வந்த திசையில் இறங்கிப் போனேன்.

ஆபீசுக்கு முன்னால் பெரட்டுக் களம். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் விடியலில் வரிசையாக நிற்க, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பெயர் சொல்லிப் பிரித்து அனுப்புகிற இடம். பனிக்குள் கம்பளி போர்த்திய தலைகள். வரிசை முடிகிற இடத்தில் தலைகள் திடீரென்று குட்டையாகிவிட்டன. கிட்டப் போய்ப் பார்த்தேன். என்னுடைய நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நின்றுகொண்டிருந்தன. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கையில் புல் சுரண்டியோடு முன்னால் நின்றவள் பவளம்.

"என்னா பவளம், இங்க என்னா செய்ற?"

அவள் சுரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பதிலைக் கங்காணிதான் சொன்னார்.

"மாஸ்டர் இன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் தொறக்கிற நேரத்துக்கு வந்திருக்காரு!"

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அது நெஞ்சில் தைத்துவிட்டது. அந்த மனிதர் கேலியாகச் சொன்னது உண்மை. எட்டரை மணிக்கு நான் மணியடிக்கும்போது பள்ளிக்கூடம் திறப்பதில்லை. இங்கே, இந்தப் பனியில், யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று முடிவாகும்போதே அது திறந்து, பாதி மூடியும் விடுகிறது. "காய்ச்சல் சார்", "மாமா வீட்டுக்குப் போயிருக்கா சார்" என்று மற்றப் பிள்ளைகள் சொல்லி நான் நம்பிய அத்தனை காய்ச்சலும் இதுதான். அரைப்பேரு என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வேலை முக்கால் நாள், கூலி அரை நாள்.

இங்கேயே குடிவந்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். எதையும் நின்ற நிலையில் தீர்மானிக்கிறவன் நான். அது நல்லதா கெட்டதா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். தோட்டப் பள்ளிகளுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் எழுதுகிறேன். உங்களைவிட நான் ஐந்தாறு வருடம்தான் மூத்தவன். புத்தி சொல்லும் வயதில்லை. ஆனால் நியமனம் கிடைத்ததும் என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "சார், டவுன்ல இருந்து வந்து போறதா, தோட்டத்துலயே தங்கிர்றதா?" நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் பஸ்ஸைப் பற்றி. அதைப் பற்றி ஓயாமல் புலம்புகிறீர்கள். நானும் புலம்பியிருக்கிறேன். ஹட்டனில் இருட்டோடு ஏறி, வளைவுக்கு வளைவு பக்கத்து ஆளின் தோளில் விழுந்து எழும்பி, சந்தியில் இறங்கி, அங்கிருந்து தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஏறவேண்டும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனாலும் அட்டை ஏறிவிடும். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது கணுக்காலில் ரத்தம் வழியும். "சார், ஒங்க சொந்தக்காரவுக இன்னும் எறங்கலையே" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். சிரித்துக்கொண்டே பிய்த்து எறிந்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். மத்தியானம் சாய்ந்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது. இதெல்லாம் உடம்பின் கஷ்டம். உடம்பின் கஷ்டத்தைக் காரணமாக வைத்து வீடு மாற்றாதீர்கள். பழகிவிடும். நான் வீடு மாற்றியது பவளத்துக்காக.

பவளத்தின் அப்பா மாரிமுத்து தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா சிவகாமி கொழுந்து பறிக்கிறவர். நடை பழகுகிற ஒரு தம்பி. கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்த பேப்பரைத் தண்ணீரில் நனைத்து விரித்து, சுவரில் ஒட்டி, காய்ந்ததும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை. வாசிப்பதோடு விடமாட்டாள். "சார், இதுல ‘தொடரும்’னு போட்டிருக்கு, மிச்சம் எந்தக் கருவாட்டுல வரும்?" என்று கேட்பாள். ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, தேறுகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் இடமும் தங்க விடுதியும் கொடுப்பார்கள். வயது வரம்பு உண்டு. பவளத்துக்கு அந்த வருடம் ஒரு வாய்ப்பு, மறு வருடம் இன்னொரு வாய்ப்பு. அதோடு சரி. வாரத்தில் பாதி நாள் புல் சுரண்டிக்கொண்டு அந்தப் பரீட்சையை எழுத முடியாது.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி மரகதம் ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெசினை நிறுத்தாமலே கேட்டாள்.

"காம்பராவா? லயத்துக் காம்பராவா?"

"லயந்தான். ஆனா தொங்கல் காம்பரா. வரிசையில கடைசி அறை, ஓரத்துல தனியா இருக்கும். வெள்ளையடிச்சுத் தர்றாங்களாம்."

"வெள்ளையடிச்சா லயம் பங்களா ஆயிருமாக்கும்."

"மரகதம், பெரட்டு நேரத்துக்கு நான் அங்க நின்னாத்தான்..."

மெசின் நின்றது. "நான் அந்தச் சுவத்துக்குள்ள பொறந்தவ. எங்கப்பாவுக்கு வேலைய நிப்பாட்டுன அன்னிக்கு, சட்டி பானையத் தலையில வச்சுக்கிட்டு கொட்டகலை ரோட்டுல நடந்தவ. அந்தக் கூரைக்கு அடியில மறுபடியும் போயி ஒக்காருன்னு சொல்றீங்க."

"ஒங்கப்பா தோட்டத்துச் சம்பளக்காரரு. எனக்குச் சம்பளம் தோட்டமா குடுக்குது? டவுன்ல இருக்கிற நிர்வாகம் குடுக்குது. பள்ளிக்கூடக் கட்டடம் மட்டுந்தான் அவங்களோடது. என்னை யாரு என்னா செஞ்சுர முடியும்?"

மரகதம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒங்களை ஒண்ணுஞ் செய்ய மாட்டாங்க" என்றாள்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கண்டாக்கையா எங்களை வரவேற்ற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துரைக்கு அடுத்தபடியாக மலைகளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகஸ்தர். காக்கிக் கால்சட்டை, கைத்தடி, தேனொழுகுகிற குரல். "மாஸ்டர் நம்ம தோட்டத்துக்கே வந்துட்டாரு. இனி நம்ம ஆளு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். ஆள் விட்டுத் தகரக் கூரையைச் சரிபார்த்துக் கொடுத்தார். எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா மாரிமுத்துவின் குடும்பம். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அவர்கள் வீட்டுப் புகை எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் மெசின் சத்தம் அவர்கள் வீட்டுக்குப் போகும்.

மறுநாள் விடியலில் தப்படித்ததும் நான் களத்தில் இருந்தேன். சண்டைக்குப் போகவில்லை. வரிசையின் குட்டைத் தலைகளுக்கு எதிரே நின்றுகொண்டு, "ஏழாம் வாய்ப்பாடு யாரு சொல்றா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒருவன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே என் பக்கம் வந்தான். அப்புறம் ஒருத்தி. பவளம் சுரண்டியைத் தன் அம்மாவின் கூடைக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

"இங்க பாருங்க, மாஸ்டர் ஒரு பெரட்டு, நாங்க ஒரு பெரட்டு!" என்று கங்காணி கத்தினார்.

"ஒங்க பெரட்டுல நாள் முழுக்கக் குனியணும் கங்காணியாரே, எங்க பெரட்டுல நிமிந்து ஒக்காரலாம்" என்றேன்.

பெண்கள் வரிசையில் சிரிப்பு. "அப்ப எங்களையும் சேத்துக்கங்க மாஸ்டர், கொழுந்து எடுக்கிறதுக்கு வாய்ப்பாடு லேசு" என்றார் சிவகாமி.

நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பனிக்குள் ஏறிப் போனோம். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். எட்டாம் வாய்ப்பாடு முடியும்போது பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். பெஞ்சுகள் நிரம்பின. ஒரு பெஞ்சுக்குக் கால் உடைந்தது. அந்தக் கால் உடைந்ததில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. யாரையும் கெஞ்சவில்லை, யாருக்கும் பிராது எழுதவில்லை. விடியலில் அங்கே ஆளாக நின்றேன், அவ்வளவுதான். பஸ்ஸில் வந்து போகிற சக ஆசிரியர்களை ஹட்டனில் பார்த்தால் கொஞ்சம் இளக்காரமாகக்கூடப் பேசினேன்.

ஒரு மாலை கண்டாக்கையா எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீடு வசதியா இருக்கா மாஸ்டர்? கூரை ஒழுகுதா?"

"இல்லைங்க."

"எதுனாலும் சொல்லுங்க. அரைப்பேரு கொறைஞ்சு போச்சு, தொரை கேட்டாரு. மாஸ்டர் புள்ளைக மேல உசுரா இருக்காருன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

சிரித்துவிட்டுப் போனார்.  நம்மைத்தான் குறிவைக்கிறார்கள், வரட்டும் என்று பதில்களைத் தயாரித்தேன். காம்பராவைக் காலி பண்ணச் சொன்னால் என்ன சொல்வது, நிர்வாகத்துக்கு எப்படி எழுதுவது, எல்லாம் வாயிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அரிசி கூப்பன் கடைப்பக்கம் பார்த்தாலும் கண்டாக்கையா தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

மரகதம்தான் முதலில் கேட்டாள். அதாவது, கேட்காததைக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல ரொட்டி தட்டுற சத்தம் வரல" என்றாள்.

"நேரத்தோட சுட்டு வச்சிருப்பாங்க."

"லயத்துல ஒருத்தி ரொட்டி தட்டுனா நாலு வீட்டுக்குக் கேக்கும். நாளைக்கு ஒருநாள் பெரட்டு முடியிறவரைக்கும் நின்னு பாருங்க."

நான் அங்கே ஒருநாளும் கடைசிவரை நின்றதில்லை. பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு, வாய்ப்பாட்டு ஜோரில், ஆண்களின் பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மேலே ஏறிவிடுவேன். அடுத்த நாள் பவளத்திடம் பிள்ளைகளை ஒப்படைத்து அனுப்பிவிட்டு, தேயிலைத் தூரோரமாக நின்றேன். கவ்வாத்துக்காரர்கள் பெயர் வரிசையாக வந்தது. மாரிமுத்து முறை வந்ததும் கண்டாக்கையா தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீ இன்னிக்கு நில்லு."

அவ்வளவுதான். ஏசவில்லை. காரணம் சொல்லவில்லை. மாரிமுத்து கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு விலகி, விறகு பொறுக்குகிறவர் மாதிரி காட்டுப் பக்கமாக நடந்தார். அவர் நடந்த விதத்திலேயே தெரிந்தது, இது முதல் நாள் இல்லை என்று. சிவகாமிக்கு ஆகத் தூரத்து மலை. தராசில் அவர் கொழுந்தில் தண்ணீர் என்று கழிக்கிறார்களாம், முற்றல் என்று கழிக்கிறார்களாம். அதையெல்லாம் பிறகு மரகதம் விசாரித்துச் சொன்னாள். என் வகுப்பில் பிள்ளைகளை முழுசாக அனுப்பிய மற்ற வீடுகளையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டிருந்தார்கள். மாரிமுத்துவுக்குத்தான் கனமாக விழுந்தது. மாஸ்டர் வீட்டுக்கு அடுத்த வீடு அல்லவா.

கண்டாக்கையாவின் வீட்டுக்கு நேரே போனேன். தேத்தண்ணி கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"மாரிமுத்துவுக்கு ஏன் வேலை இல்ல?"

"வேலை இல்லன்னு யாரு சொன்னா? இன்னிக்கு இல்ல. நாளைக்கு இருக்கலாம்."

"பவளம் பள்ளிக்கூடம் வர்றதுனாலயா?"

"சேச்சே. படிக்கட்டும் மாஸ்டர், நல்லா படிக்கட்டும்." கரண்டியால் சீனியைக் கலக்கினார். "ஒரு கணக்கு நீங்களே சொல்லுங்க. காம்பரா கொஞ்சம், குடும்பம் நெறைய. ஒரு வீட்டுல எத்தனை பேரு வேலைக்கு எறங்குறாங்கன்னு பாத்துத்தானே நாங்க காம்பரா குடுக்குறோம். பேரு குடுக்காத குடும்பத்துக்குக் கூரை எதுக்கு? ஒங்களை நான் எதுனா சொன்னேனா? நீங்க நம்ம ஆளு."

"ஒங்களை ஒண்ணுஞ் செய்ய மாட்டாங்க" என்று மரகதம் சொன்னதன் முழுப் பொருளும் அந்த நாற்காலியில்தான் எனக்கு விளங்கியது.

சங்கத்துத் தோட்டத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், பயந்தவர் இல்லை. தலையைச் சொறிந்தார். "பேர வெட்டியிருந்தா நாளைக்கே பிராது எழுதிருவேன் மாஸ்டர். ‘இன்னிக்கு நில்லு’ன்னு சொல்றதுக்கு எந்தப் பிராது எழுதுறது? ‘நாளைக்கு வேலை குடுத்துட்டோமே’ன்னு ஒரு நாளக் காட்டிருவாங்க. அதுலயும் இந்தக் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் வரல. பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டு எறக்குனா எங்க போவாங்க? இந்தியாவுல யாரு இருக்கா இவனுக்கு?"

மரகதம் அன்று முதல் சோறு கொஞ்சம் கூட்டிப் பொங்கினாள். "கூடிப் போச்சு, வீணாப் போகும்" என்று சட்டியில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். வெறும் சட்டியைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. சிவகாமி சட்டியில் ஒரு பிடி கீரை வைத்துக் கொடுப்பார். பிறகு இரண்டு பச்சை மிளகாய். பிறகு ஒருநாள் அவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் சுவருக்கு மேலால் வந்தது. மரகதம் சட்டியோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வைக்க ஒன்றுமில்லாமல் போனால் வாங்குவது எப்படி?

மாரிமுத்து என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் முகம் கழுவும்போது நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, பவளத்தைக் கொஞ்ச நாளைக்கு..."

"பேசாதீங்க மாஸ்டர்." தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டார். "புள்ள பரிச்சை எழுதட்டும். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன். எங்களுக்குப் பசி புதுசா?"

அந்தப் பரீட்சைக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. பவளம் முன்னைவிட வேகமாகப் படித்தாள். கருவாட்டுப் பேப்பர் கேள்விகள் மட்டும் நின்றுபோயின. நான் அதைப் பரீட்சைக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த விடியல். மழை. களத்தில் எல்லோரும் படங்கைத் தலையில் போட்டு நின்றார்கள். நான் வழக்கம்போல எதிரே நின்று, "பன்னெண்டாம் வாய்ப்பாடு" என்றேன். முதலில் சொல்கிறவள் பவளம். சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றிருந்தவள், திரும்பி, நடுவில் இருந்த சேற்றைக் கடந்து, குட்டைத் தலைகளின் வரிசைக்குப் போய் நின்றாள். கையில் சுரண்டி. ஒளித்து வைக்கவில்லை. மாரிமுத்து "ஏய் பவளம்!" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கங்காணிகூடக் கேலி பேசவில்லை.

கண்டாக்கையா பெயர் கூப்பிட்டார். மாரிமுத்து முறை வந்ததும், எதுவுமே நடக்காதது மாதிரி, மலையின் பெயரைச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. மரகதம் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷந்தான் பட்டோம். அதுதான் தாங்க முடியவில்லை.

பரீட்சை நாளன்று வேறு இரண்டு பிள்ளைகளை ஹட்டனுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பேரும் தேறவில்லை. பவளம் அன்றைக்கு மேமலையில் புல் சுரண்டிக்கொண்டிருந்தாள். பஸ் அந்த மலைக்குக் கீழே வளைவில் போகும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்குள் என் பெஞ்சுகள், நான் ஹட்டனிலிருந்து வந்து போன காலத்தைவிடக் காலியாகிவிட்டன. முன்பாவது பிள்ளைகள் தங்கள் சௌகரியத்துக்கு வந்து போனார்கள், யாரும் எண்ணவில்லை. நான் களத்தில் போய் நின்று, யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் வெளிச்சமாகக் காட்டிவிட்டேன். தோட்டத்துக் கூரைக்கு அடியில் இருந்துகொண்டு அதைச் செய்தேன். பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்பது சரி. ஆனால் பக்கத்தில் இருக்கிறவனை நேரே அடிக்கத் தேவையில்லை, அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறவனை அடித்தால் போதும் என்பதை என் படிப்பு எனக்குச் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் எவ்வளவு நேரம் போகிறது என்றா கேட்கிறீர்கள்? தங்கப்போகிற வீட்டுக்கு அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய சோறு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்படியானால் ஹட்டனுக்கே திரும்பிவிடலாமா? நான் மூட்டை கட்டத் தயாராகிவிட்டேன். அதையும் நின்ற நிலையில்தான் தீர்மானித்தேன். இந்தத் தடவை மரகதம் விடவில்லை.

"இப்பப் போனா ஓடிப்போன மாஸ்டர். இங்கயே இருந்தா அவங்க ஆளு. ரெண்டும் வேணாம்."

"அப்ப மரத்துலயா குடியிருக்கிறது?"

"வேலை விட்டு வந்த புள்ளைக சாயங்காலம் எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவள் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறாள். கையில் போத்தலையோ பையையோ தூக்கிக்கொண்டு, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சந்திக்கு, காசிம் நானாவின் கடைக்கு இறங்கிப் போகின்றன. மண்ணெண்ணெய், உப்பு, கருவாடு.

"கடைக்குப் போற புள்ளைய எந்தக் கங்காணியும் மறிக்க மாட்டான்" என்றாள்.

பள்ளிக்கூடச் சாவி மூன்று மணிக்கு ஆபீசுக்குப் போய்விடும். ஆனால் சந்தியில் ஓடுவது சர்க்கார் ரோடு. கடை நிற்பது நானாவின் சொந்தக் காணி. பின்னால் சாமான் அடுக்குகிற ஒரு அறையும், அதையொட்டி ஒரு சார்ப்பும் இருக்கின்றன. குடியிருக்கவும், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அந்த இடம் கிடைக்குமா என்று இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். நானா தாடியைத் தடவினார்.

"குடியிருக்கிறதுன்னா சரி மாஸ்டர். புள்ளைக கூடும்னு சொல்றீங்களே, கண்டாக்கையா வந்து கேட்டா நான் என்னா சொல்ல?"

"தையல் பழக வருதுகன்னு சொல்லுங்க" என்றாள் மரகதம்.

"பொம்பளப் புள்ளைக்குத் தையல். ஆம்பளப் பயலுகளுக்கு?"

"பட்டன் தைக்க."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, போன தடவை கேட்காத கேள்வியைக் கேட்டேன். "நானா, தோட்டம் கோவிச்சுக்கிட்டா ஒங்களுக்கு என்னா ஆகும்?"

அவர் மூட்டைகளைப் பார்த்தார். "பங்களாவுக்குப் போற சாமான நிப்பாட்டுவாங்க. ஆளுகளை எங்கிட்ட வாங்காதன்னு சொல்லுவாங்க. அப்படி ஆனா ஒங்ககிட்ட வந்து சொல்லிருவேன். அன்னிக்கு நீங்க வேற எடம் பாக்கணும். இப்பப் பின்னால போய்ப் பருப்பு மூட்டைய நகத்துங்க."

இதைவிட நாணயமான வீட்டு ஒப்பந்தம் எனக்குக் கிடைத்ததில்லை.

மிச்சம் இருந்தது மாரிமுத்து. தொங்கல் காம்பராவை நேற்றுக் காலி செய்தோம். மெசினைத் தூக்கிக் கொடுக்க அவர்தான் வந்தார். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது சொன்னேன். பவளத்துக்கு இன்னும் ஒரு வருடம், ஒரே ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது என்று. வேலை விட்டபிறகு பொழுது சாய்கிற வரைக்கும்தான் என்று. தெரியவந்தால் மறுபடியும் அவர் தலையில்தான் விழும் என்பதையும் சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம், அவளைக் கூப்பிட மாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் தேயிலைச் செடியிலிருந்து ஒரு முற்றிய இலையைக் கிள்ளிக் கசக்கினார்.

"எம்புள்ள கடைக்குப் போவுது, மண்ணெண்ணெ வாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது மாஸ்டர்."

மெசினை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தபிறகு, திரும்பாமலே சொன்னார்:

"பெரிய போத்தலு வேணாம்னு சிவகாமிகிட்டச் சொல்லிருக்கேன். சின்னப் போத்தலா குடுத்து விடுறோம். சீக்கிரம் தீந்துரும்ல."

இன்று ஞாயிறு. பருப்பு மூட்டைகளை ஒரு சுவரோரமாக அடுக்கி, நடுவில் பாய் விரிக்க இடம் பண்ணியிருக்கிறோம். நானா பழைய பேப்பர்க் கட்டு ஒன்றை, சாமான் சுற்றக் கிழிப்பதற்கு முன்னால் வாசித்துவிட்டுத் தரச் சொல்லி, பின்னறையில் போட்டிருக்கிறார். இனிமேல் காலையில் நான் சந்தியிலிருந்து ஏறிப்போய், எட்டரை மணிக்கு மணியடித்து, வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். பெரட்டுக் களத்துப் பக்கம் தலைவைக்க மாட்டேன். நாளை பின்னேரம், சின்னப் போத்தலோடு யார் யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.